டி.எஸ். பாலையா: கள்ளபார்ட்டிலிருந்து எஸ்டேட் முதலாளி வரை

எடுத்துக்கொண்ட கேள்வி

1936-இல் வந்த ‘சதி லீலாவதி’யில் எம்.ஜி. ராமச்சந்திரனுக்குக் கிடைத்தது ஒரு சின்ன போலீஸ் இன்ஸ்பெக்டர் வேடம். அதே படத்தில் அறிமுகமான டி.எஸ். பாலையாவுக்குக் கிடைத்ததோ கதையையே தள்ளிக்கொண்டு போகிற வில்லன் வேடம். வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் குடிப்பழக்கத்தைப் பழக்கிவிட்டு, அவன் சொத்தும் குடும்பமும் கரைவதைப் பக்கத்திலிருந்தே பார்க்கிற நண்பன், ராமநாதன். இருவரில் யார் பெரிய ஆளாக வருவார் என்று அன்றைக்கு யாராவது பந்தயம் கட்டியிருந்தால் பணம் பெரும்பாலும் பாலையா பக்கம்தான் விழுந்திருக்கும்.

28 வருடம் கழித்து, 1964-இல், ‘காதலிக்க நேரமில்லை’ வந்தது. அதில் அதே பாலையா இரண்டு பெண்களுக்கும் ஒரு பையனுக்கும் அப்பா. இன்றைக்கும் தொலைக்காட்சியில் அந்தப் படம் ஓடினால், அது வந்தபோது பிறந்தே இராதவர்கள்கூட அவர் காட்சிக்காக உட்கார்ந்து பார்க்கிறார்கள். திட்டு வாங்கிய வில்லன் எப்படி எல்லோர் வீட்டு அப்பாவாக மாறினார் என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஒன்று இருக்கிறது. ‘வயதானது, வில்லன் வேடம் குறைந்தது, நகைச்சுவைக்கு வந்துவிட்டார்.’ காலக்கணக்குக்கு அது சரிதான். ஆனால் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. பாலையா ஆளை மாற்றவே இல்லை. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, ஒன்றிரண்டு படங்களைத் தவிர, அவர் நடித்தது ஒரே ஆளைத்தான்: தன்னைப் பெரிய மனிதன் என்று நம்பிக்கொண்டிருக்கிற ஒருவன். அந்த ஆளின் கையில் கத்தி இருந்தால் வில்லன். கத்தியை எடுத்துவிட்டு எஸ்டேட்டையும் இரண்டு பெண்களையும் கொடுத்துவிட்டால் நமக்குச் சிரிப்பு. இறுமாப்பு இரண்டு இடத்திலும் ஒன்றேதான். இது என் கணிப்பு. எதை வைத்துச் சொல்கிறேன் என்பது கீழே.

கம்பெனிப் பள்ளி

பாலையா பிறந்தது 23 ஆகஸ்ட் 1914, அன்றைய திருநெல்வேலிச் சீமையில் சுண்டங்கோட்டை என்ற ஊரில். சினிமாவுக்கு வருமுன் அவர் தேறியது நாடக மேடையில். அந்தத் தலைமுறை நடிகர்கள் பலரையும் போல அவரும் பாய்ஸ் கம்பெனிக் காலத்து ஆள்; சிறுவர்களைச் சேர்த்துத் தங்கவைத்துப் பழக்கிய நாடகக் குழுக்கள் அவை. எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன், எம்.ஆர். ராதா, டி.கே.எஸ். சகோதரர்கள் எல்லோரும் அந்தக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள்தான்.

இந்தக் கம்பெனிகளைப் பற்றி நிறைய உருக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. பசி, அடி, வீட்டு ஏக்கம் எல்லாம் உண்மை. இங்கே நமக்கு வேண்டியது வேறு. அது என்ன கற்றுக்கொடுத்தது?

முதலாவது, குரல். மைக் பரவலாக வருவதற்கு முந்தைய மேடை. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் வசனம் விழ வேண்டும். கத்தினால் விடியும்முன் தொண்டை போய்விடும். அதனால் சொல்லின் கடைசி எழுத்தை இழுத்து நிறுத்தும் பழக்கம் வந்தது. பாலையா ஒரு வாக்கியத்தின் வாலைத் தூக்கி, காற்றில் விட்டு, அப்புறம் திடீரென்று கீழே போடுவாரே, அதன் வேர் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். பின்னாளில் மைக் மூக்குக்கு முன்னால் வந்த பிறகும் அவர் அதை விடவில்லை. தேவைக்குக் கற்ற ஒன்று அவரிடம் அடையாளமாகத் தங்கிவிட்டது.

இரண்டாவது, பாடம். கம்பெனியில் பையன்கள் தங்கள் வேடத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் போக முடியாது. ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவன் ஏற வேண்டும். அதனால் எதிராளியின் வசனமும் தெரிந்திருக்கும். இதில் ஒரு ஆபத்து உண்டு: எதிராளி என்ன சொல்லப்போகிறான் என்று முன்னமே தெரிவதால், கேட்காமலே பதில் சொல்லும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். நல்ல நடிகன் இதற்கு நேரெதிராகப் பழகுகிறான். நூறு முறை கேட்ட வசனத்தை இப்போதுதான் கேட்பது போலக் கேட்கக் கற்றுக்கொள்கிறான். பாலையாவின் கைமுதல் இதுதான்.

மூன்றாவது, பார்ட். ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), கள்ளபார்ட் (திருடன், வில்லன்), பபூன் (கோமாளி) என்று மேடையில் வேடங்களுக்கு வகை உண்டு. ராஜபார்ட்டுக்குப் பாட்டு வேண்டும், முகவெட்டு வேண்டும். கள்ளபார்ட்டுக்கு வேகமும் வாயும் போதும். பபூன் எப்போது வேண்டுமானாலும் நுழைந்து எதை வேண்டுமானாலும் பேசலாம். கள்ளபார்ட்டுக்கும் பபூனுக்கும் நடுவில் இருக்கிற தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. இரண்டும் ராஜபார்ட்டின் பெருமையை இடறிவிடுகிற வேடங்கள்.

தமிழ் தெரியாத டைரக்டர்

‘சதி லீலாவதி’யை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன், அமெரிக்கர். தமிழ் தெரியாது. வசனம் எழுதிய எம். கந்தசாமி முதலியார் நாடக உலகத்து ஆசிரியர், கதாநாயகன் எம்.கே. ராதாவின் தந்தை. கதை எஸ்.எஸ். வாசனுடையது, ஆனந்த விகடனில் தொடராக வந்தது.

மொழி தெரியாத ஒரு டைரக்டர் நடிகனிடம் எதைப் பார்ப்பார்? வசனத்தின் அழகு அவருக்குத் தெரியாது. முகத்தையும் உடம்பையும் இடைவெளியையும்தான் பார்க்க முடியும். மேடையில் கடைசி வரிசைக்காக நடித்துப் பழகிய பையன்களுக்கு, நாலடி தூரத்தில் நிற்கும் கேமராவுக்கு எவ்வளவு போதும் என்று சொல்ல அப்படிப்பட்ட ஒருவர் தேவைப்பட்டிருப்பார். அடுத்த வருடமே டங்கன் இயக்கிய ‘அம்பிகாபதி’யிலும் பாலையாதான் வில்லன், ருத்ரசேனன். கதாநாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர்.

இந்தப் படத்தில் கவனிக்க வேண்டிய ஒரு பங்கீடு உண்டு. கதாநாயகன் பாடுகிறான். அவனுடைய காதல், சோகம், பக்தி எல்லாம் பாட்டில்தான். அப்படியானால் உரைநடை யாருக்கு? வில்லனுக்கு. இளங்கோவன் எழுதிய வசனம் தமிழ்ப் படங்களில் உரைநடைக்கே ஒரு மரியாதையைக் கொண்டுவந்தது என்பார்கள். அந்த மரியாதையில் ஒரு பெரும் பங்கு, பாடத் தேவையில்லாத ஆட்கள் வாயில் போய் விழுந்தது. பாட்டுக் கதாநாயகர்கள் ஆண்ட காலத்தில் பேசத் தெரிந்த வில்லனாக இருப்பது மோசமான இடமே இல்லை.

வில்லனாக இருபது வருடம்

1937-க்கும் 1957-க்கும் இடையில் நடந்ததை விரிக்க ஆரம்பித்தால் படப் பட்டியல்தான் மிஞ்சும். பி.யு. சின்னப்பா, கே.ஆர். ராமசாமி, எம்.ஜி.ஆர்., சிவாஜி என்று கதாநாயகர்கள் வரிசையாக மாறிக்கொண்டிருந்தார்கள், பாலையா இருந்தார். 1947-இல் எம்.ஜி.ஆர். கதாநாயகனாக உயர்ந்த ‘ராஜகுமாரி’யிலும் அவர் உண்டு. பதினோரு வருடத்துக்கு முன் ஒன்றாக அறிமுகமான இருவரில் ஒருவர் ராஜபார்ட்டுக்குப் போய்விட்டார். மற்றவர் தன் இடத்திலேயே நின்றார்.

இந்தக் காலத்தில் ஒரு விலக்கு உண்டு, அதை மட்டும் சொல்கிறேன். 1949-இல் அண்ணாதுரை எழுதி, ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கிய ‘வேலைக்காரி’. கடன் கொடுத்த வேதாசல முதலியாரின் கொடுமையால் அப்பா தூக்கில் தொங்கிவிட, பழிவாங்கக் கத்தியைத் தீட்டுகிறான் ஆனந்தன். கத்தியை விட்டுப் புத்தியைத் தீட்டச் சொல்லி அவனைத் திருப்புகிற நண்பன் மணி வேடம் பாலையாவுக்கு. படத்தில் எல்லோரும் இன்றைக்கு நினைவு வைத்திருக்கிற வசனம் அதுதான். கே.ஆர். ராமசாமிதான் படத்தின் நாயகன். ஆனால் மூளை மணியிடம் இருக்கிறது. வில்லனாகவே பார்த்துப் பழகிய ஒருவரிடம் அறிவுரை சொல்லும் வேடத்தைக் கொடுத்தது எனக்குப் பிடித்த ஒரு தேர்வு. சூழ்ச்சி தெரிந்தவன் சொல்கிற யோசனைக்கு ஒரு நம்பகத்தன்மை இருக்கிறது அல்லவா?

1954-இல் வந்த ‘தூக்கு தூக்கி’யில்தான் எனக்கு முதல் திருப்பம் தெரிகிறது. ‘கொண்டு வந்தால் தந்தை’ என்று தொடங்கும் பழமொழிகளைச் சோதித்துப் பார்க்கிற இளவரசன் கதை. கதாநாயகன் சிவாஜி. அவன் மனைவியோடு கள்ளத் தொடர்பு வைத்திருக்கும் வடநாட்டு சேட்டாக பாலையா. கதைக் கணக்கில் சுத்தமான வில்லன் வேடம். ஆனால் அந்தக் கொச்சைத் தமிழும், தன் மவுசைப் பற்றித் தனக்கே இருக்கிற மயக்கமும் சேர்ந்து, அவர் வந்து நின்றாலே கொட்டகை சிரிக்கத் தயாராகிவிடும். கள்ளபார்ட்டும் பபூனும் ஒரே சட்டைக்குள் நுழைந்துவிட்டார்கள்.

1956-இல் ‘மதுரை வீரன்’. பொம்மி மேல் கண் வைத்த நரசப்பன் வேடம். அடுத்த வருடம் ‘புதுமைப்பித்தன்’. அதன்பின் எம்.ஜி.ஆர். படங்களின் வில்லன் நாற்காலி மெல்ல எம்.என். நம்பியார், பி.எஸ். வீரப்பா பக்கம் போய்விட்டது. வாள்சண்டைக்கு உடம்பு இடங்கொடுக்க வேண்டும், பாலையாவுக்கு அப்போது நாற்பது கடந்துவிட்டது என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். எம்.ஜி.ஆருக்கு எதிரே நிற்கிற வில்லனை ஜனங்கள் வெறுக்க வேண்டும். பாலையாவைப் பார்த்து அவர்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சிரிப்பு வந்த இடத்தில் பயம் தங்காது.

அண்ணன் வேடம்

1959-இல் பீம்சிங் இயக்கிய ‘பாகப்பிரிவினை’ அவருக்குக் குடும்பக் கதையில் ஒரு நாற்காலியைப் போட்டுக் கொடுத்தது. கூட்டுக் குடும்பத்து மூத்தவர் வைத்தியலிங்கமாக பாலையா, தம்பி சுந்தரலிங்கமாக எஸ்.வி. சுப்பையா. வில்லன் வேலையை எம்.ஆர். ராதாவின் சிங்கப்பூர் சிங்காரம் பார்த்துக்கொள்கிறார். அதனால் பாலையாவுக்கு வெறும் பிடிவாதம் மட்டும் போதும்: மனைவி சொல்லைக் கேட்டு வீட்டை இரண்டாக்குகிற, உள்ளுக்குள் தம்பியை விட முடியாத அண்ணன். அடுத்த வருடம் ‘களத்தூர் கண்ணம்மா’வில் ஜமீன்தார். இரண்டுமே கௌரவம் பார்க்கிற ஆட்கள். ருத்ரசேனன் வாளை வைத்துக் காப்பாற்றியதை இவர்கள் வீட்டு முற்றத்தில் நின்று காப்பாற்றுகிறார்கள்.

நம் ஊர் அப்பாக்களுக்கு வில்லனின் வசனமே பாதிக்கு மேல் பொருந்தும் என்று டைரக்டர்கள் கண்டுபிடித்த காலம் இது என்று சொன்னால் மிகையாகாது.

சின்னமலை எஸ்டேட்

சரி, ‘காதலிக்க நேரமில்லை’க்கு வருவோம். ஸ்ரீதர் இயக்கம், சித்ராலயா தயாரிப்பு, ஈஸ்ட்மென் கலர், பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறு அணை. ரவிச்சந்திரனுக்கும் காஞ்சனாவுக்கும் முதல் படம். ஸ்ரீதரோடு சேர்ந்து சித்ராலயா கோபு கதை, வசனத்தில் கை வைத்த படம்.

சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன் எப்படிப்பட்டவர்? பணக்காரர். இன்னும் பெரிய பணக்காரராக ஆசை. பெண்களுக்குக் கோடீஸ்வர மாப்பிள்ளை வேண்டும். அவர் வேலையிலிருந்து துரத்திய அசோக் (ரவிச்சந்திரன்), அவர் வீட்டுக்கு எதிரிலேயே ஆட்களோடு முகாம் போட்டு, முதலாளி பெயரைச் சொல்லியே வேலை கேட்டுப் பாட்டுப் பாடுகிறான். விஸ்வநாதன் ஒரு பழைய வில்லனுக்கு எழுதிய வேடம்தான். இதே விஸ்வநாதனை 1940-களில் எழுதியிருந்தால் மூன்றாவது ரீலில் அடியாளை அனுப்பியிருப்பார்.

அப்புறம் அசோக்கின் நண்பனாக வரும் முத்துராமன் வேடம் போட்டுக்கொண்டு பெரிய கோடீஸ்வரர் சிதம்பரமாக வந்து இறங்குகிறார். தான் துரத்தியடித்த அசோக் அந்தக் கோடீஸ்வரரின் மகன் என்று விஸ்வநாதன் நம்பிவிடுகிறார். அங்கே அவர் கேட்கிற கேள்வி: ‘அசோகர் உங்க மகருங்களா?’ அசோக் அசோகராகிவிட்டான். மகன் மகராகிவிட்டான். எழுதியவரின் குறும்பு அது. ஆனால் அதைப் பேசும்போது பாலையாவின் உடம்பைப் பாருங்கள். அது வரைக்கும் நிமிர்ந்திருந்த முதுகு வளையத் தொடங்குகிறது. குரல் தேனாகிறது. பெரியவன் என்ற நினைப்பு எங்கும் போய்விடவில்லை. தன்னைவிடப் பெரியவன் ஒருவனைக் கண்டதும் அதே நினைப்பு குனிந்து நிற்கிறது. மேலே பார்த்தால் பணிவு, கீழே பார்த்தால் அதட்டல். இரண்டும் ஒரே சரக்கு என்று ஒரு வரியில் காட்டிவிடுகிறார்.

அடுத்தது கதை சொல்லும் காட்சி. செல்லப்பா (நாகேஷ்) சினிமா எடுக்கக் கிளம்பியவன், ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ முதலாளி. அப்பாவிடம் பணம் பெயர வேண்டும். ஒரு பேய்க் கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறான், அத்தனை சத்தங்களையும் தானே எழுப்பிக்கொண்டு. நாகேஷுக்கு வசனம், அசைவு, ஒலி எல்லாம் உண்டு. பாலையாவுக்கு ஒரு நாற்காலிதான் உண்டு. வசனம் என்று சொல்லிக்கொள்ள அநேகமாக ஒன்றும் இல்லை.

அவர் என்ன செய்கிறார்? முதலில் சகித்துக்கொள்கிறார். பையன் உளறுகிறான், உளறட்டும் என்கிற முதலாளி முகம். பிறகு ஒரு இடத்தில் கண் லேசாக நிலைக்கிறது. கதைக்குள் கால் வைத்துவிட்டார், ஆனால் அதை ஒப்புக்கொள்ள மனமில்லை. அடுத்து பயம் வாயில் தெரிகிறது, உதடு அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. உடம்பு நாற்காலிக்குள் பின்வாங்குகிறது. எழுந்து போய்விடலாம், போகவும் முடியவில்லை. போனால் பயந்ததாக ஆகிவிடும். அந்த இக்கட்டுதான் சிரிப்பு. பேய்க்குப் பயப்படும் மனிதனைப் பார்த்து நாம் இவ்வளவு சிரிக்க மாட்டோம். பயப்படுவதை மறைக்கப் பார்க்கிற எஸ்டேட் முதலாளியைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம்.

படிப்படியாக ஏற்றுகிறார் என்பது முக்கியம். முதல் சத்தத்திலேயே துள்ளியிருந்தால் காட்சி அங்கேயே முடிந்திருக்கும். நாகேஷ் எவ்வளவு வேகமாக ஓடினாலும் இவர் தன் அளவில் ஒவ்வொரு படியாகத்தான் ஏறுகிறார். இந்தக் காட்சியில் இரண்டு மேடைகள் சந்திக்கின்றன என்றும் பார்க்கலாம். நாகேஷ் ரயில்வே குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே அமெச்சூர் நாடகம் போட்டு வந்தவர். சென்னை சபா மேடையின் துடுக்கும் வேகமும் அவருடையது. பாலையா கம்பெனி மேடையின் நிதானம். ஒருவர் தள்ள, ஒருவர் தாங்குகிறார். இருவரில் யார் பெரியவர் என்று கேட்பது வீண். ஆனால் ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம்: பாலையா முகத்தை மறைத்துக்கொண்டு அந்தக் காட்சியைக் கேட்டால் அது நல்ல மிமிக்ரி. சத்தத்தை அணைத்துவிட்டு அவர் முகத்தை மட்டும் பார்த்தால் முழுக் காட்சியும் அப்படியே இருக்கிறது.

ஸ்ரீதரே இந்தப் படத்தை 1966-இல் இந்தியில் ‘ப்யார் கியே ஜா’ என்று எடுத்தார். அப்பாவாக ஓம் பிரகாஷ், மகனாக மெஹ்மூத். அந்தக் காட்சி அங்கேயும் பெயர் வாங்கியது. கதை சொல்பவனுக்குச் சமமாகக் கேட்பவனுக்கும் ஒரு பெரிய நடிகர் வேண்டும் என்பதை அவர்களும் புரிந்துகொண்டுதான் ஆள் போட்டிருக்கிறார்கள்.

ஹேமநாத பாகவதர்

அடுத்த வருடம், 1965, ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வரும் விறகு விற்ற படலம். வடக்கேயிருந்து வந்த ஏமநாதன் என்ற பாணன் பாண்டியன் சபையில் பாடி, தன்னோடு பாட ஆள் உண்டா என்கிறான். உள்ளூர்ப் பாணபத்திரர் கலங்கிப் போய்ச் சொக்கநாதரிடம் முறையிடுகிறார். இறைவன் விறகு வெட்டியாக வந்து, ஏமநாதன் தங்கியிருக்கும் வீட்டுத் திண்ணையில் படுத்துப் பாடுகிறார்.

படத்தில் ஹேமநாத பாகவதர் பாலையா, பாணபத்திரர் டி.ஆர். மகாலிங்கம், இறைவன் சிவாஜி. சபையில் பாகவதர் பாடும் ‘ஒரு நாள் போதுமா’வுக்குக் குரல் எம். பாலமுரளிகிருஷ்ணா, இசை கே.வி. மகாதேவன், வரிகள் கண்ணதாசன். மாண்ட் ராகத்தில் தொடங்கி ராகம் மாறிக்கொண்டே போகும் ராகமாலிகை. தர்பார், தோடி, மோகனம், கானடா என்று ராகம் மாறும் இடத்தில் அதன் பெயர் வரியிலேயே ஒளிந்திருக்கும். வரிகளெல்லாம் தற்பெருமை. தன் பாட்டைத் தானே மெச்சிக்கொள்கிற பாட்டு.

இப்படி ஒரு பாட்டுக்கு வாயசைப்பது லேசான காரியமில்லை. பாலமுரளியின் பிருகாக்கள், அந்த வேகமான குரல் சுழற்சிகள், எங்கே போய் எங்கே இறங்கும் என்று சங்கீதம் தெரிந்தவர்களுக்கே பிடிபடாது. பாலையா அந்த வேகத்தை உதட்டில் மட்டும் பிடிக்கவில்லை. கையில் பிடிக்கிறார். ஸ்வரம் மேலே ஏறும்போது விரல் அதை எடுத்துக் கொடுக்கிறது. ஒரு சங்கதி விழுந்ததும் முகம் சபையைச் சுற்றிப் பார்த்து, ‘கேட்டீர்களா’ என்று கணக்கு எடுக்கிறது. கச்சேரிக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும்: இந்த மாதிரி வித்வான்கள் உண்டு, பாட்டு நன்றாகவும் இருக்கும். அதுதான் இந்த வேடத்தின் நுட்பம். பாகவதர் போலி கிடையாது. உண்மையிலேயே பெரிய பாடகர். வித்தை நிஜம், அதற்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் கர்வமும் நிஜம். போலியை உடைப்பது சுலபம். இவரை உடைக்க இறைவன் விறகுக் கட்டோடு வர வேண்டியிருந்தது.

அப்புறம் திண்ணை. விறகு வெட்டியின் பாட்டைக் கேட்கிறார். யார் நீ என்று கேட்டால், பாணபத்திரரிடம் சிஷ்யனாகச் சேரப் போய், லாயக்கில்லை என்று தள்ளப்பட்டவன் என்கிறான். தள்ளப்பட்டவனே இப்படிப் பாடினால் பாணபத்திரர் எப்படிப் பாடுவார்? பாகவதர் இரவோடு இரவாக ஊரை விட்டுக் கிளம்பிவிடுகிறார்.

இங்கேயும் அவருக்கு வேலை கேட்பதுதான். ‘காதலிக்க நேரமில்லை’யில் மகன் கதை சொல்ல நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். இங்கே ஒரு விறகு வெட்டி பாடக் கேட்கிறார். இரண்டிலும் பெரிய மனிதன் என்ற நினைப்பு, கேட்கக் கேட்கக் கரைகிறது. ஒன்றில் நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். மற்றதில், அந்தக் கர்வக்காரர் மேல் நமக்கே தெரியாமல் இரக்கம் வந்துவிடுகிறது. நடிகர் செய்வது ஏறக்குறைய ஒன்றேதான். காட்சிதான் வேறு. பாலையா ஆளை மாற்றவில்லை என்று ஆரம்பத்தில் சொன்னதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை.

இன்னும் இரண்டு அப்பாக்கள்

1967-இல் இரண்டு படங்கள். ஸ்ரீதரின் ‘ஊட்டி வரை உறவு’வில் வெளியே சொல்ல முடியாத ஒரு பழைய உறவை ஒளித்து வைத்திருக்கும் அப்பா. கே. பாலசந்தரின் ‘பாமா விஜயம்’ படத்தில் மூன்று மகன்களும் மருமகள்களும் இருக்கிற வீட்டின் பெரியவர் எதிராஜ். மேஜர் சுந்தர்ராஜன், முத்துராமன், நாகேஷ் மகன்கள். பக்கத்தில் குடிவந்த சினிமா நடிகைக்கு முன்னால் தங்கள் வீட்டைப் பெரிதாகக் காட்டத் துடித்துக் கடனில் விழுகிறது குடும்பம். இந்த முறை இறுமாப்பு மற்றவர்களுக்கு. பெரியவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ‘வரவு எட்டணா’ பாட்டில் அவர் வீட்டுக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறார்.

தெலுங்கில் அதே வேடத்தை எஸ்.வி. ரங்காராவும் இந்தியில் பிருத்விராஜ் கபூரும் செய்தார்கள். பாலையா செய்த ஒரு ‘அப்பா’ வேடத்துக்கு மற்ற மொழிகளில் எந்தத் தட்டில் ஆள் தேடினார்கள் என்பதைக் காட்ட இது போதும். குணச்சித்திர நடிகர் என்ற சொல்லைத் துணை வேடம் என்று படிக்கிறவர்கள் இந்த மூன்று பெயர்களையும் ஒருமுறை வரிசையாகப் படித்துப் பார்க்கலாம்.

எதிர்ச் சான்று

இதுவரை சொன்னதற்குப் பொருந்தாத வேடம் ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் போனால் ஆய்வு நேர்மையாக இராது. 1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர், ஏ.பி. நாகராஜன் இயக்கம். சிக்கல் சண்முகசுந்தரம் என்ற நாதஸ்வர வித்வானாக சிவாஜி. அவருக்குத் தவில் வாசிக்கும் முத்துராக்குவாக பாலையா.

இந்தக் கதையில் கர்வம் முழுக்கச் சிக்கலாருக்குச் சொந்தம். கூட்டத்தில் யாரோ சத்தம் போட்டால் வாசிப்பை நிறுத்திவிட்டு எழுந்து போகிற ஆள் அவர். முத்துராக்குவுக்கு அந்த வசதி கிடையாது. தவில்காரன் நாதஸ்வரத்தைக் கேட்டுத்தான் வாசிக்க வேண்டும். கேட்டது, விட்டுக்கொடுத்தது, இடம் பார்த்து ஏறியது என்று ஒரு மேளக் கச்சேரியே அந்தக் காதில்தான் நிற்கிறது. மேடைக்குக் கீழேயும் அவருக்கு அதே வேலை. கோபக்காரரைச் சமாதானம் செய்வது, சிக்கலார் காதலிக்கும் நாட்டியக்காரி மோகனா விஷயத்தில் தெரிந்தும் தெரியாதது போல இருப்பது, தேவைப்பட்டால் நடுவில் புகுந்து ஏதாவது சொல்லிச் சூட்டைத் தணிப்பது.

படத்தில் நாதஸ்வரம் மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களுடையது. சிவாஜியின் விரல்களைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அவருக்குப் பக்கத்தில், வலது கை விரல்களில் கூடுகளும் இடது கையில் கழியுமாக பாலையாவின் தோள்கள் செய்கிற வேலையையும் பார்க்க வேண்டும். வாசிப்பு சூடு பிடிக்கும்போது சிவாஜியின் பார்வை மோகனாவிடமும் கூட்டத்திடமும் போகும். பாலையாவின் பார்வை சிவாஜியிடம்தான் திரும்பத் திரும்ப வரும். தவில்காரன் பார்க்கிற பார்வை அது.

ஆக, பெரிய மனிதன் நினைப்பு இந்த வேடத்தில் இல்லை. என் கணிப்பு இங்கே பாதி தோற்கிறது. மீதிப் பாதி மட்டும் நிற்கிறது: இறுமாப்பை எடுத்துவிட்டால் பாலையாவிடம் மிஞ்சுவது கேட்கிற காது. ‘வேலைக்காரி’ மணியிடமும் அதுதான் இருந்தது. இப்போது யோசித்தால், அவருடைய கைத்தொழில் அதுவாகவும், இறுமாப்பு அதன் மேல் போட்ட வேட்டி அங்கவஸ்திரமாகவும் இருந்திருக்கலாம். வில்லன், அப்பா, வித்வான் என்று உடுப்பு மாறிக்கொண்டே இருந்ததால் நமக்கு அது சட்டென்று தெரியவில்லை.

பின்குறிப்பாகச் சில தகவல்கள்

பாலையா 22 ஜூலை 1972 அன்று காலமானார். 58-ஆவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. திரையில் வயதான அப்பாவாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வயது கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். விஸ்வநாதனாக நடித்தபோது அவருக்கு ஐம்பது கூட நிறையவில்லை. கம்பெனியில் பதின்வயதுப் பையன்கள் கிழவன் வேடம் போட்டுத் தேறிய காலத்து ஆள் என்பதால் அவருக்கு அதில் ஒன்றும் சிரமம் இருந்திராது.

அவருக்குப் பின் மகன் ரகு, ஜூனியர் பாலையா என்ற பெயரில் 1975-இல் ‘மேல்நாட்டு மருமகள்’ மூலம் வந்தார். அந்தப் பெயரே ஒரு சுமை. அப்பாவின் இழுவையை எதிர்பார்த்து வந்த ஜனங்களுக்கு முன்னால் அவர் பல வருடம் சின்னச் சின்ன வேடங்களில் இருந்தார். ‘கரகாட்டக்காரன்’ செட்டில் ஒருவராக அவரை நினைவு வைத்திருப்பவர்கள் அதிகம். 2012-இல் ‘சாட்டை’ படத்தில் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர் வேடம் அவருக்குக் கிடைத்தது. அதட்டாமல், பெரும்பாலும் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வேடம். 2023 நவம்பரில் அவரும் காலமானார்.